குறட்டை நடுவே நின்று போனால்: கவனிப்பதிலிருந்து மிஷின் பழகுவது வரை

குறட்டை விடுகிறவருக்குத் தன் குறட்டை கேட்பதில்லை. அது பாதியில் அறுந்து, பத்து இருபது நொடி சத்தமே இல்லாமல் கிடந்து, பிறகு ஒரு செருமலோடும் உதறலோடும் மூச்சு திரும்புவதும் அவருக்குத் தெரிவதில்லை. காலையில் கேட்டால் "நான் நல்லாத்தானே தூங்குனேன்" என்பார். பொய் சொல்லவில்லை. அந்தச் சின்னச் சின்ன விழிப்புகளை மூளை நினைவில் வைப்பதில்லை. வீட்டில் மற்றவர்களும் "அசதி, அடிச்சுப் போட்டாப்புல தூங்கறாரு" என்று விட்டுவிடுகிறார்கள். ஆகவே இந்த வியாதிக்கு ஒரே சாட்சி, அதே அறையில் தூக்கம் கெட்டுப் படுத்திருப்பவர்தான். இந்தக் குறிப்பில் பாதி அவருக்காக எழுதியது.

டாக்டர்கள் ஸ்லீப் அப்னியா என்று சொல்வது இதைத்தான். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடியும் உள்நாக்கை ஒட்டிய மெல்லிய சதையும் பின்னால் சரிந்து காற்று போகும் வழியை அடைக்கின்றன. 10 நொடி அல்லது அதற்கு மேல் முழுசாக அடைத்தால் ஒரு அப்னியா. அரைகுறையாக அடைத்து ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கினால் ஹைப்பாப்னியா. இரண்டையும் கூட்டி, மணிக்கு எத்தனை என்று எடுக்கும் கணக்குக்கு ஏ.எச்.ஐ. என்று பெயர். பெரியவர்களுக்கு 5க்குக் கீழே என்றால் கவலையில்லை. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30ம் அதற்கு மேலும் கடுமை. மணிக்கு 30 என்றால் 7 மணி நேரத் தூக்கத்தில் 210 தடவை மூச்சு முட்டியிருக்கிறது.

ராத்திரியில் எதைக் கவனிப்பது

படுத்த அரை மணி நேரத்தில் எட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லை" என்று முடிவு கட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. கனவு காணும் தூக்கத்தில்தான் தசைகள் மிக அதிகமாகத் தளரும். அந்தத் தூக்கம் ராத்திரியின் கடைசிப் பங்கில் கூடுதலாக வரும். எனவே 3 மணிக்கும் 5 மணிக்கும் நடுவே, பால் கறக்க எழுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பாருங்கள். எழ முடியாவிட்டால் செல்போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுத் தலைமாட்டிலிருந்து ஓரடி தள்ளி வைத்துவிடுங்கள். மூன்று ராத்திரி போதும்.

சத்தம் நின்றதும் கடிகாரத்தைப் பார்த்து நொடிகளை எண்ணுங்கள். அந்த நேரத்தில் நெஞ்சையும் வயிற்றையும் பாருங்கள். மூச்சு வராதபோதும் நெஞ்சு உள்ளே போக வயிறு வெளியே வர, இரண்டும் மாறி மாறி இழுத்துக்கொண்டிருந்தால் அது தொண்டை அடைப்பு. எதுவுமே அசையாமல் கிடந்தால் மூளையிலிருந்து கட்டளை வராத வேறு வகையாக இருக்கலாம். இதய பலவீனம் உள்ளவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் இந்த இரண்டாம் வகை வர வாய்ப்பு அதிகம் என்பதால் டாக்டரிடம் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மல்லாந்து படுத்தபோதா, ஒருக்களித்தபோதும் வருகிறதா, அன்றைக்குக் குடித்திருந்தாரா, எத்தனை முறை ஒன்றுக்கு எழுந்தார் என்பதையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்ஸிமீட்டர் இன்னும் பல வீடுகளில் கிடக்கிறது. அதை விழித்திருக்கும்போது மாட்டி 98 காட்டியதும் நிம்மதி அடையாதீர்கள். விழித்திருக்கும்போது தொண்டை அடைப்பதில்லை, அளவும் சரியாகவே இருக்கும். அதே காலத்தில் வாங்கிய ஆக்ஸிஜன் மிஷினைக் குறட்டைக்குப் போட்டுவிடுவதும் ஆபத்து. ஆக்ஸிஜன் அடைத்த தொண்டையைத் திறக்காது. சிலருக்கு அடைப்பு நீண்டு, ரத்தத்தில் கரியமில வாயு ஏறும்.

சொல்லும் விதமும் முக்கியம். நடுராத்திரியில் தட்டி எழுப்பிச் சண்டை போட்டால் அவர் நம்பப்போவதில்லை. மறுநாள் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது "ஏனுங்க, இதைக் கொஞ்சம் கேளுங்க" என்று பதிவைப் போட்டுக் காட்டுங்கள். தன் மூச்சு நின்று போவதைத் தன் காதாலேயே கேட்டவர் பெரும்பாலும் அடுத்த வாரமே டெஸ்ட்டுக்குக் கிளம்புகிறார்.

உடம்புக்குள் நடப்பது

ஒவ்வொரு அடைப்பிலும் ஆக்ஸிஜன் இறங்குகிறது. மூளை பதறி உடம்பை உலுக்குகிறது. அட்ரினலின் பாய்கிறது, ரத்த அழுத்தம் சட்டென ஏறுகிறது. சாதாரணமாகத் தூங்கும்போது பிபி பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். இவர்களுக்கு அந்த இறக்கம் கிடைப்பதில்லை. மூன்று வகை மாத்திரை சாப்பிட்டும் பிபி அடங்காதவர்களுக்கு மாத்திரையை நாலாக்கும் முன் குறட்டையைப் பற்றி விசாரிக்க வேண்டும். இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், பக்கவாதம், இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் சுகர் ஏறுவது, எல்லாமே இதோடு சேர்ந்து வருகின்றன.

ராத்திரி மூன்று நான்கு தடவை ஒன்றுக்குப் போவதைச் சுகர் என்றும், புராஸ்டேட் என்றும், வயசு என்றும் சொல்லிக்கொள்கிறோம். அடைத்த தொண்டையோடு மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து இதயத்தின் மேலறை விரிகிறது. உடம்பில் நீர் அதிகம் என்று இதயம் தவறாக எண்ணி, சிறுநீரகத்துக்கு நீரை வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்கிறது. மூச்சு சரியானதும் இந்த ஓட்டமும் பலருக்குக் குறைந்துவிடும். காலையில் எழுந்ததும் மண்டை கனப்பது, வாய் வறண்டு ஒட்டிக்கொள்வது, எரிச்சல், மறதி, தாம்பத்தியத்தில் நாட்டமின்மை ஆகியவையும் இந்தக் கணக்கில் வரும்.

யாருக்கு வாய்ப்பு அதிகம்

எட்டுக் கேள்வி கேட்டுப் பாருங்கள். மூடிய கதவுக்கு வெளியே கேட்கும் அளவு குறட்டையா? பகலில் அசதியா, தூக்கமா? மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா? பிபி உண்டா? உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 35க்கு மேலா? வயது 50க்கு மேலா? கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா? ஆணா? மூன்று நான்குக்கு ஆமாம் என்றால் நடுத்தர வாய்ப்பு, ஐந்தும் அதற்கு மேலும் என்றால் அதிக வாய்ப்பு. கழுத்தைத் தையல்காரர் இன்ச் டேப்பால் குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே, இறுக்காமல் அளக்க வேண்டும். 40 சென்டிமீட்டர் என்பது பதினைந்தே முக்கால் இன்ச்.

இந்தக் கணக்கில் பி.எம்.ஐ. 35 என்பது வெளிநாட்டு உடம்புக்கு வைத்த அளவு. நம்மவர்களுக்கு 25லேயே உடல் பருமன் என்று இந்திய மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். 170 சென்டிமீட்டர் உயரமும் 82 கிலோவும் உள்ளவருக்குப் பி.எம்.ஐ. 28 தாண்டும். பார்வைக்கு "நல்ல ஆகிருதி" என்றுதான் சொல்வோம். ஒல்லியாக இருந்தும் கீழ்த்தாடை சின்னதாக, உள்ளடங்கி இருப்பவர்களுக்கும் இது வரும். பெண்களுக்குக் குறட்டை அத்தனை உரக்க இருக்காது. தூக்கம் வராமை, காலைத் தலைவலி, தீராத அசதி என்றே வெளிப்படும். மாதவிலக்கு நின்ற பிறகு வாய்ப்பு கூடுகிறது. அம்மாவுக்கு எல்லாம் வயசுக் கோளாறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். தைராய்டு குறைவும் தொண்டையைத் தடிக்க வைக்கும் என்பதால் டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

டெஸ்ட்டுக்குப் போகும்போது

நுரையீரல் டாக்டரிடமோ காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ போகலாம். கோவையில் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஸ்லீப் ஸ்டடி செய்ய அறையே உண்டு. ஒரு ராத்திரி அங்கே தங்கினால் தலை, கண்ணோரம், தாடை, நெஞ்சு, கால் என்று ஒயர் ஒட்டி, மூக்கில் குழாயும் நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட்டும் விரலில் கிளிப்பும் மாட்டுவார்கள். வீட்டுக்கே அனுப்பும் சின்னக் கருவியும் உண்டு. அதில் மூக்குக் குழாய், பெல்ட், விரல் கிளிப் மட்டும் இருக்கும். வேறு பெரிய வியாதி இல்லாமல், சந்தேகம் பலமாக இருப்பவர்களுக்கு அது போதும். ஆனால் அந்தக் கருவிக்கு நீங்கள் தூங்கினீர்களா, விழித்தபடி புரண்டுகொண்டிருந்தீர்களா என்று தெரியாது. விழித்திருந்த நேரத்தையும் சேர்த்து வகுப்பதால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அறிகுறி பலமாக இருந்து வீட்டு டெஸ்ட் நன்றாக வந்தால் ஆஸ்பத்திரியில் தங்கி மறுபடி எடுத்துவிடுங்கள்.

போகும் நாளில் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. முந்தின நாள் வைத்திருந்தால் சீயக்காயோ ஷாம்பூவோ போட்டு நன்றாக அலசிவிட வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் ஒயர் பாதி ராத்திரியில் கழன்றுவிடும், அந்த ராத்திரியே வீண். மருதாணியோ நகச்சாயமோ இருந்தால் ஒரு விரலையாவது விட்டுவையுங்கள், விரல் கிளிப் தவறாகக் காட்டலாம். மத்தியானத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். பகல் தூக்கம் வேண்டாம். வழக்கமான மாத்திரைகளை டாக்டர் நிறுத்தச் சொன்னால் ஒழிய நிறுத்தாதீர்கள். முன்பக்கம் பட்டன் வைத்த தளர்ந்த சட்டையும் சொந்தத் தலையணையும் எடுத்துப் போங்கள். திருப்பூரிலோ சோமனூரிலோ நைட் ஷிப்ட் போகிறவர் என்றால், நீங்கள் வழக்கமாகத் தூங்கும் நேரத்திலேயே டெஸ்ட் வைக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். தூங்காத உடம்பில் எடுத்த டெஸ்ட்டால் பயனில்லை.

ரிப்போர்ட் வந்ததும் ஏ.எச்.ஐ. ஒன்றை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். ஆக்ஸிஜன் எந்த அளவு வரை இறங்கியது, 90க்குக் கீழே மொத்தம் எத்தனை நிமிஷம் இருந்தது, மல்லாந்தபோது எத்தனை, ஒருக்களித்தபோது எத்தனை என்று டாக்டரிடம் கேளுங்கள். ஏ.எச்.ஐ. 20 வந்த இருவரில் ஒருவருக்கு ஆக்ஸிஜன் 88 வரையும் இன்னொருவருக்கு 65 வரையும் இறங்கியிருந்தால் இரண்டும் ஒரே வியாதி ஆகாது.

சிபாப் மிஷின்

நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் இதுதான் முதல் வைத்தியம். சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் உருவாக்கி 1981ல் வெளியிட்டார். சின்ன மோட்டார் அறைக் காற்றை இழுத்து, மாஸ்க் வழியாக லேசான அழுத்தத்தில் அனுப்புகிறது. அந்த அழுத்தம் தொண்டையை உள்ளிருந்து விரித்து வைக்கிறது. இதில் மருந்தோ ஆக்ஸிஜனோ கிடையாது. அழுத்தத்தை நீர்மட்ட உயரத்தால் அளப்பார்கள், 4 முதல் 20 சென்டிமீட்டருக்குள் இருக்கும். ஒரே அழுத்தத்தில் ஓடுவது ஒரு வகை, தேவைக்குத் தக்கபடி தானே ஏற்றி இறக்கும் ஆட்டோ இன்னொரு வகை. இதய பலவீனமோ கடுமையான நுரையீரல் வியாதியோ உள்ளவர்கள் ஆட்டோவைத் தாங்களாக வாங்கிப் போடக் கூடாது.

மிஷினைவிட மாஸ்க்குக்கு நேரம் செலவழியுங்கள். கைவிடுகிறவர்களில் பலரும் மாஸ்க் தொந்தரவால்தான் முதல் இரண்டு வாரத்தில் பரணில் போடுகிறார்கள். மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும் சின்னது, மூக்கை மூடுவது, மூக்கையும் வாயையும் மூடுவது என மூன்று வகை. பெரிய மீசை வைத்திருப்பவர்களுக்கு முழு மாஸ்க்கின் ஓரத்தில் காற்று கசியும், துவாரத்தில் உட்காரும் வகை பொருந்தும். வாயைத் திறந்து தூங்குகிறவருக்கு முழு மாஸ்க் வேண்டியிருக்கும். ஆனால் முதலில் மூக்கடைப்பைச் சரி செய்யுங்கள், பலர் மூக்கு அடைத்ததால்தான் வாயைத் திறக்கிறார்கள். உப்புநீரால் மூக்கைக் கழுவுவதென்றால் கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும்தான், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது.

கடையில் உட்கார்ந்தபடி மாட்டிப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். படுத்தால் முகச்சதை நகரும். படுத்து, மிஷினை ஓடவிட்டு, அழுத்தம் வந்த பிறகு வாரைச் சரி செய்ய வேண்டும். வாருக்கும் கன்னத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். கசிகிறதே என்று இறுக்க இறுக்க சிலிக்கான் மடிந்து இன்னும் கசியும், மூக்குத்தண்டு புண்ணாகும். ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பழகிவிட்டு வாங்க முடிந்தால் அதுவே உத்தமம்.

பழகும் முறை இது. முதல் இரண்டு மூன்று நாள் சாயங்காலம் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் வெறும் மாஸ்க்கை மாட்டி உட்காருங்கள். அடுத்த இரண்டு நாள் மிஷினையும் ஓடவிடுங்கள். பிறகு பகலில் ஒரு குட்டித் தூக்கம். அதற்கப்புறம் ராத்திரி. அழுத்தம் 4ல் தொடங்கி மெல்ல ஏறும் ரேம்ப் வசதியை 20 நிமிஷத்துக்கு வைத்தால் மூச்சு முட்டும் பயம் தணியும். ராத்திரிக்கு 4 மணி நேரம் என்பது குறைந்தபட்சக் கணக்கு, தூங்கும் நேரம் முழுவதும் போடுவதே குறிக்கோள். நடுவில் எழுந்து போய் வந்த பிறகு மறுபடி மாட்டாமல் படுப்பது பெரிய நஷ்டம். மோசமான நேரம் அதற்கப்புறம்தான் வருகிறது.

எது கெட்டாலும் பெரும்பாலும் வழி உண்டு. காலையில் வயிறு உப்பி ஏப்பமாக வந்தால் காற்றை விழுங்குகிறீர்கள் என்று அர்த்தம். தலைமாட்டை உயர்த்துங்கள், அழுத்தத்தைக் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வாய் வறண்டால் மிஷினின் தண்ணீர்த் தொட்டியில் ஈரப்பத அளவைக் கூட்டலாம், அதிலும் தீராவிட்டால் வாய் வழியே காற்று கசியலாம். மார்கழி தை மாதக் குளிரில் குழாய்க்குள் தண்ணீர் திரண்டு முகத்தில் சொட்டினால் குழாயைப் போர்வைக்குள் விட்டு, மிஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வையுங்கள். காலையில் கண் எரிந்தால் மூக்குத்தண்டு ஓரமாகக் காற்று கசிந்து கண்ணில் படுகிறது. மிஷின் போட்டும் மிச்சமிருக்கும் ஏ.எச்.ஐ. திரையில் 5க்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு வாரம் தொடர்ந்து கூடுதலாக இருந்தால் போன் போட்டுக் கேளுங்கள், தாங்களாக அழுத்தத்தை ஏற்றாதீர்கள்.

ஈரப்பதத் தொட்டிக்குப் போர் தண்ணீர் ஊற்றினால் சில நாளில் அடியில் வெள்ளையாக உப்புப் படிந்துவிடும். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல ஊரில் அவ்வளவு உப்பு. சிறுவாணித் தண்ணீர் குடிக்க இனிமைதான், இதற்கு அதுவும் வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் மூச்சுக்குப் போகத் தயாரித்ததில்லை. தினமும் மிச்சத்தைக் கொட்டிக் காயவையுங்கள். மாஸ்க்கின் சிலிக்கானைத் தினம் காலையில் மென்மையான சோப்பு நீரில் கழுவ வேண்டும், முக எண்ணெய் படிந்தால் வழுக்கிக் கசியும். குழாயை வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் அலசி நிழலில் தொங்கவிடுங்கள். டெட்டால், பிளீச்சிங், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். காற்று உள்ளே போகும் ஃபில்டரை மாதம் ஒருமுறை மாற்றுவது வழக்கம். பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறி ஓடும் வீட்டிலோ, பொள்ளாச்சியில் நார் மில்லுக்கு அருகிலோ இருந்தால் வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பஞ்சும் தூசும் அடைத்து இரண்டே வாரத்தில் சாம்பல் நிறமாகிவிடும், மோட்டார் திணறும்.

கரண்ட் போனால் மூச்சு அடைத்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. மாஸ்க்கில் காற்று வெளியேறச் சிறு துளைகள் உண்டு, முழு மாஸ்க்கில் தானே திறக்கும் வால்வும் உண்டு. அடைத்துவிடாது, ஆனால் குறட்டை திரும்பிவிடும். ஈரப்பத ஹீட்டரை அணைத்தால் மிஷின் ஏறக்குறைய 30 முதல் 50 வாட்தான் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரி இருந்தால் 1800 வாட்-மணி. மிஷினுக்கு எட்டு மணி நேரத்துக்கு 400 போதும், மின்விசிறிக்கும் மிச்சமிருக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகலில் கரண்ட் நிறுத்தும் நாளை நைட் ஷிப்ட்காரர்கள் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் மாடலையும் வரிசை எண்ணையும் சரிபாருங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் பழைய மாடல்கள் பலவற்றைத் திரும்பப் பெற்றது. சத்தம் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து காற்றோடு வரக்கூடும் என்பதே காரணம். அடுத்தவர் போட்ட மாஸ்க்கையும் குழாயையும் எக்காரணம் கொண்டும் வாங்க வேண்டாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏற்கெனவே இதய வியாதியோ மூளை ரத்தக்குழாய் வியாதியோ உள்ள 2,717 பேரை வைத்து 2016ல் வெளியான பெரிய ஆய்வில், சிபாப் போட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் சராசரியாக 3.3 மணி நேரம்தான் போட்டார்கள். பகல் தூக்கமும் மனநிலையும் மேம்பட்டன. ஆகவே மிஷின் வந்துவிட்டது என்று பிபி மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

மிஷினோடும் மிஷின் இல்லாமலும்

லேசான வகையில், அதுவும் மல்லாந்து படுத்தால் மட்டும் வருகிறவர்களுக்கு, எளிய வழி ஒன்று உண்டு. பழைய பனியனின் முதுகுப் பக்கம், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே ஒரு பை தைத்து, அதில் டென்னிஸ் பந்தைப் போட்டுப் பையின் வாயைத் தைத்துவிடுங்கள். மல்லாந்தால் உறுத்தும், தானாகத் திரும்பிப் படுப்பார். தலையணையை அடுக்கினால் கழுத்து மடிந்து இன்னும் அடைக்கும், அதற்குப் பதில் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குலம் கட்டை கொடுங்கள்.

எடையில் 10 சதவீதம் குறைந்தால் ஏ.எச்.ஐ. சுமார் கால் பங்கு குறைகிறது என்று அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்த நீண்ட ஆய்வு சொல்கிறது. ஷிப்ட் முடிந்து பத்து மணிக்குப் புரோட்டா சாப்பிட்டு உடனே படுப்பதை நிறுத்தினாலே நெஞ்செரிச்சலும் அடைப்பும் தணியும். படுக்கும் முன் நான்கு மணி நேரத்துக்குள் மது குடிக்கக் கூடாது. தூக்க மாத்திரை தொண்டையை இன்னும் தளர்த்தும், டாக்டரிடம் குறட்டையைச் சொல்லாமல் அதை வாங்கவே கூடாது. எடை குறைக்கும் டிர்செபடைடு ஊசியைப் பருமனோடு நடுத்தர, கடுமையான அப்னியா உள்ளவர்களுக்கு அமெரிக்க மருந்து ஆணையம் 2024 டிசம்பரில் அனுமதித்தது. அது டாக்டர் பார்த்துத் தர வேண்டியது, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிப் போட்டுக்கொள்வதல்ல. கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் இழுத்து வைக்கும் பல் கிளிப் லேசுக்கும் நடுத்தரத்துக்கும் உதவும். பயிற்சி பெற்ற பல் டாக்டர் அளவெடுத்துச் செய்ய வேண்டும், பிடித்துக்கொள்ள உறுதியான பற்கள் வேண்டும்.

வண்டி ஓட்டுகிறவர்கள்

நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களுக்கும் திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டி ஓட்டுநர்களுக்கும் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வைத்தியம் பார்க்காத அப்னியா இருந்தால் விபத்துக்கான வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். எதிரே வருகிற குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. கடைசி சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லை, வண்டி கோட்டைத் தாண்டுகிறது, கொட்டாவி நிற்கவில்லை என்றால் டீ குடித்துத் தொடராதீர்கள். ஓரங்கட்டி 20 நிமிஷம் தூங்குங்கள். டெஸ்ட் முடிந்து வைத்தியம் பலிக்கும் வரை ராத்திரி ஓட்டத்தை விட்டுவிடுங்கள். கேபினில் படுக்கும் ஆட்கள் 24 வோல்ட் பேட்டரியில் ஓடும் அடாப்டர் உள்ள மாடலைக் கேட்டு வாங்கலாம்.

குழந்தைகளும் ஆபரேஷனும்

வாயைத் திறந்து தூங்கி, குறட்டை விட்டு, படுக்கையில் நனைத்து, பள்ளியில் கவனமில்லாமல் துறுதுறுவென்று திரியும் குழந்தைக்கு டான்சிலும் மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையும் பெருத்திருக்கலாம். குழந்தைகளுக்கு ஏ.எச்.ஐ. 1ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். பலருக்கு அவற்றை எடுத்தாலே சரியாகிவிடும்.

எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், கண்புரை ஆபரேஷனாக இருந்தாலும், மயக்க டாக்டரிடம் குறட்டையையும் மூச்சு நிற்பதையும் சொல்லுங்கள். மயக்க மருந்தும் வலி ஊசியும் தொண்டையை இன்னும் தளர்த்தும், ஆபரேஷன் முடிந்த முதல் ராத்திரிகள்தான் ஆபத்தானவை. மிஷின் இருந்தால் மாஸ்க், குழாய், பிளக்கோடு பையில் போட்டு வார்டுக்கு எடுத்துப் போங்கள். கூட இருப்பவருக்கு மாட்டிவிடத் தெரிந்திருக்க வேண்டும்.